கேட்காமல் பிடித்த இருபது ரூபாய்

குதிகாலில் ஆணி இறங்கியதுபோல் குத்தியது. காலை ஆறு மணிக்கு லைனில் நின்ற பூமாரி இரண்டரைக்குத்தான் அந்த இடத்தைவிட்டு நகர்ந்தாள். காருக்குள் போகிற ஒயர்க் கற்றைகளுக்கு டேப் சுற்றும் வேலை. எட்டு மணி நேரமும் நின்றபடிதான். முக்காலி போட்டால் தூங்கிவிடுவார்கள் என்று கம்பெனியில் யாரோ எந்தக் காலத்திலோ முடிவு செய்துவிட்டார். அந்த ஆள் ஒரே ஒரு ஷிஃப்ட் நின்று பார்த்திருந்தால் முக்காலி வந்திருக்கும்.

பஸ்ஸில் செருப்பைக் கழற்றி, ஒரு காலால் இன்னொரு காலை அமுக்கிக்கொண்டே வந்து ஒரகடம் கூட்டு ரோட்டில் இறங்கினாள். வீடு பிள்ளைப்பாக்கத்தில். ஆனால் மாதத்தின் முதல் பத்து நாள் அவள் நேரே வீட்டுக்குப் போவதில்லை. ஷிஃப்ட் விட்டு வருகிறவர்களிடம் இருபது ரூபாய் வாங்கி, அவர்கள் நீட்டுகிற மஞ்சள் அட்டையில் அந்த மாதக் கட்டத்தில் முத்திரை குத்த வேண்டும். இதற்குச் சம்பளம் கிடையாது. அவளைப் போல் இருபத்திரண்டு பேர், வெவ்வேறு கம்பெனி கேட்களின் எதிரே நிற்கிறார்கள். அட்டைக்காரர்கள் என்று அவர்களுக்குப் பெயர்.

வைப்பூர் போகிற வழியில், முன்பு டயர் கடையாக இருந்த ஷெட்டில் நடக்கிற ஆஸ்பத்திரிக்கான காசு அது. பலகையில் உழைப்பாளர் மருத்துவ அறக்கட்டளை என்று எழுதியிருக்கும். அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை. இருபது ரூபா ஆஸ்பத்திரி என்றால் ஷேர் ஆட்டோக்காரர்கள் நிறுத்துவார்கள்.

அங்கே அட்டை இருப்பவனுக்கும் இல்லாதவனுக்கும் ஒரே ஊசி, ஒரே மாத்திரை. பிறகு எதற்கு மாதாமாதம் கட்ட வேண்டும் என்று கேட்காத ஆளே கிடையாது. அதற்கு பூமாரி வைத்திருந்த பதில் ஒன்றுதான். "அட்ட கீறவன் கணக்கு கேக்கலாம். இல்லாதவன் மருந்து மட்டும்தான் கேக்கலாம்."

போனில் காசு அனுப்பினாலும் சரி, அட்டையை நேரில் நீட்டித்தான் முத்திரை வாங்க வேண்டும். முகம் பார்க்காத காசு வேண்டாம் என்பது கோதண்டராமன் வைத்த சட்டம். பால் சொசைட்டியில் முப்பது வருடம் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர் அவர்; ஆஸ்பத்திரிக்குப் பொருளாளர். ஒரே கையிலிருந்து வருடத்துக்கு ஐயாயிரத்துக்கு மேல் வாங்குவதில்லை என்பதும் அவர் சட்டம்தான். ஒரு கம்பெனி தன் பெயர் எழுதிய ஆம்புலன்ஸைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தியபோது, வந்தவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து வண்டியைத் திருப்பி அனுப்பினார். "வண்டி ஓடும். அப்பறம் டாக்டரம்மா பேனா ஓடாது" என்றார்.

அந்த ஐப்பசியில் ஆஸ்பத்திரிக்கே மூச்சு வாங்கியது. ஒரு தொழிற்சாலையில் ஒரு லைனை மூடி எழுநூறு கான்ட்ராக்ட் ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர்களோடு எழுநூறு அட்டையும் போயிற்று. மாதம் பதினாலாயிரம் துண்டு விழுந்தது. மூன்று மாதச் செலவுக்கான பணம் எப்போதும் பேங்கில் கிடக்க வேண்டும், அது குறைந்தால் கடன் வாங்கக் கூடாது, ஏதாவது ஒரு வேலையைக் குறைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. குறைப்பதற்கு என்று இருந்தது ஒன்றுதான். சாயங்காலம் ஐந்திலிருந்து ஒன்பதுவரை நடக்கிற வைத்தியம்.

"தை மாசத்துலேர்ந்து சாயங்காலம் கெடையாது" என்று அட்டைக்காரர்களைக் கூப்பிட்டுச் சொன்னார் கோதண்டராமன். "வேற வழி இருந்தா சொல்லுங்க."

மற்றவர்கள் ஆஸ்பத்திரியை நினைத்துக் கவலைப்பட்டார்கள். பூமாரி நினைத்தது மாரியின் காலை.

மாரி அவள் புருஷன். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். சர்க்கரை முன்னூறுக்கு மேல் ஏறியது தெரியாமல் இரண்டு வருடம் ஓட்டினான். பிரேக்கை மிதித்து மிதித்து வலது கால் கட்டைவிரலுக்கு அடியில் புண் வந்து, ஆடி மாதம் அது ஐந்து ரூபாய்க் காசு அகலத்துக்குக் குழிந்துவிட்டது. விரலை எடுக்க வேண்டி வரலாம் என்றார்கள். பிறகு பாதம், பிறகு முழங்கால் என்று இது எப்படிப் போகும் என்பதை அவர்கள் தெருவிலேயே இரண்டு பேரிடம் பார்த்திருக்கிறாள். டயர் கடை ஷெட்டில்தான் ஷெர்லின் டாக்டர், "தினம் சுத்தம் பண்ணிக் கட்டினா காப்பாத்தலாம். ஒரு நாளும் விடக் கூடாது" என்றார். தினமும் என்றால் சாயங்காலம்தான். காலை வேளை அவனுக்கு ட்ரிப் நேரம், அவளுக்கு ஷிஃப்ட். சாயங்காலக் கட்டு நின்றால் அவன் 'நாளைக்கு போறேன்மே' என்று சொல்லியே காலை இழந்துவிடுவான். அவனைப் பதினெட்டு வருடமாகத் தெரியும் அவளுக்கு.

இந்த நேரத்தில்தான் மோகன் வழியில் வந்தான். அவனும் பிள்ளைப்பாக்கத்துக்காரன். நிலத்தை விற்ற காசில் இரண்டு வேன் வாங்கி, லேபர் கான்ட்ராக்டர் ஆகி, இப்போது மூன்று தொழிற்சாலைகளுக்கு லோடிங் ஆட்களும் பெருக்குகிற ஆட்களும் அனுப்புகிறான். டீக்கடையில் அவள் கையிலிருந்த அட்டைக் கட்டைப் பார்த்தான்.

"இன்னா பூமாரி, கண்டக்டர் கணக்கா பைய மாட்டிகினு. எத்தினி பேருகிட்ட கைய நீட்டுவ?"

"நீட்டினாத்தானே வரும், மோகண்ணா."

"என்கிட்ட அறநூத்தி நாப்பது பேரு கீறாங்க. ஆளுக்கு இருவது ரூபா சம்பளத்துலயே புடிச்சி, அஞ்சாந்தேதி மொத்தமா போட்டு வுட்டுர்றேன். மாசம் பன்னண்டாயிரத்து எட்நூறு. உன் கால்வலியும் கொறையும்."

கூட்டல் தெரிந்தவளுக்கு அங்கேயே கணக்கு முடிந்துவிட்டது. பதினாலாயிரம் ஓட்டையில் பன்னிரண்டாயிரத்து எண்ணூறு அடைகிறது. சாயங்காலம் தப்புகிறது. கால் தப்புகிறது.

"அவங்கள ஒரு வார்த்த கேக்கணுமே" என்றாள்.

"நான் சொல்லிக்கிறேன் போ."

கோதண்டராமனிடம் வந்து சொன்னபோது அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "எல்லாரும் சம்மதிச்சாங்களா?"

"சொல்லிட்டாராம் சார்."

பால் சொசைட்டியில் ஒரு லிட்டர் பால் வித்தியாசப்பட்டால் விடியும்வரை உட்கார்ந்து தேடிய மனிதர், அந்த 'ராம்' என்கிற ஒலியைக் கேட்டும் பேனாவை எடுத்தார். அவருக்கும் சாயங்காலம் தப்ப வேண்டியிருந்தது. இது ஒரு கையின் காசு அல்ல, அறுநூற்று நாற்பது கைகளின் காசு என்று தன் சட்டங்களுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டார். ஒரு விஷயத்தில் மட்டும் அவர் பழக்கம் மாறவில்லை. காசு கொடுத்தவர் எல்லாம் உறுப்பினர்தான் என்று, மோகன் அனுப்பிய பட்டியலைப் பார்த்து அறுநூற்று நாற்பது பேருக்கும் சீட்டு எழுதி பிஸ்கட் டின்னுக்குள் போட்டார்.

அந்த டின்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு ஞாயிறு ஆஸ்பத்திரியில் கணக்குக் கூட்டம். கணக்கை எழுதியவர் அதைப் படிக்கக் கூடாது. எழுதியவர் படித்தால் வழுக்க வேண்டிய இடத்தில் குரல் தானாக வழுக்கும் என்பார் கோதண்டராமன். உறுப்பினர் எல்லோருடைய பெயரும் அந்த டின்னுக்குள் இருக்கும். கூட்டத்துக்குக் கடைசியாக வருகிறவர்தான் சீட்டு எடுக்க வேண்டும். தாமதமாக வந்ததற்கு அதுதான் தண்டனை. சீட்டில் பெயர் வந்த ஆள் கூட்டத்தில் இல்லையென்றால் அடுத்த சீட்டு. இருந்தால் எழுந்து நின்று அவர்தான் முழுக் கணக்கையும் உரக்கப் படிக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர் வந்தால் பக்கத்தில் ஒருவர் சொல்லச் சொல்ல அவர் திருப்பிச் சொல்வார். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர், கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறவர், செக்யூரிட்டி என்று எத்தனையோ பேர் படித்திருக்கிறார்கள். 'பஞ்சு வீணானது, நானூற்றுப் பத்து ரூபாய், மழையில் நனைய விட்டது எங்கள் கவனக் குறைவு' என்பதுபோன்ற வரிகளும் அதில் இருக்கும்.

மூன்று மாதம் சொன்னபடி காசு வந்தது. மாரியின் புண் ஓரத்தில் ஆறுகிற ரோஜா நிறம் ஏறியது.

மார்கழி நடுவில் ஒரு சாயங்காலம், மாரி பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். பூமாரி பக்கத்தில் இருந்தாள். துண்டு சுற்றிய கையோடு ஒருவன் உள்ளே வந்தான். கண்ணப்பன், செய்யாறு பக்கத்து ஆள், மோகனின் லோடிங் ஆள். ஃபோர்க்லிஃப்ட்டுக்கும் சரக்கு அடுக்குகிற மரத்தட்டுக்கும் நடுவில் சிக்கி இரண்டு விரல் நுனி நசுங்கியிருந்தது. பின்னாலேயே மோகன் பைக்கில் வந்து இறங்கினான்.

"டாக்டரம்மா, ரூம் கதவுல நசுங்கிச்சின்னு எழுதிடுங்கோ. கம்பெனில அடிபட்டான்னு கேஸாச்சின்னா ஒரே பேஜாரு."

ஷெர்லின் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்கப்பா அடிபட்ட?"

கண்ணப்பன் மோகனைப் பார்த்தான்.

"நீங்க கொஞ்சம் வெளிய உட்காருங்க" என்றார் டாக்டர்.

மோகன் சிரித்தான். "இன்னா டாக்டரம்மா வேத்து ஆள் மாறி. மாசாமாசம் பன்னண்டாயிரத்து எட்நூறு நம்ம துட்டு வந்துகினு கீது. நம்ம ஆஸ்பத்திரி தானே."

"யார் ஆஸ்பத்திரியா இருந்தாலும் காயம் எங்க ஆச்சோ அங்கதான் எழுதுவேன். வெளிய உட்காருங்க."

லோடிங் பே, மாலை நாலு பத்து என்று எழுதினார். கண்ணப்பனுக்கு அதைப் படித்தும் காட்டினார்.

மோகன் வாசலில் பூமாரியை நிறுத்தினான். "உங்க டாக்டரம்மாகிட்ட எடுத்துச் சொல்லி வையி. துட்டு ஒரு பக்கமா, பேச்சு ஒரு பக்கமா இருந்தா சரிப்படாது."

அவள் யாரிடமும் எதையும் சொல்லவில்லை. கோதண்டராமனிடம் போய்ச் சொல்ல இரண்டு தடவை கிளம்பி, இரண்டு தடவையும் மாரி காலின் மருந்துக்கட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். வீட்டுக்குப் போகும்போது ஆட்டோவில் மாரி மட்டும் கேட்டான்.

"நம்ம துட்டுன்றானே, யார் துட்டுமே அது?"

"ரோட்டப் பாத்து ஓட்டு."

தை பிறப்பதற்கு முந்தின ஞாயிறு கணக்குக் கூட்டம். நூற்றைம்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். கூட்டம் முடிந்ததும் சர்க்கரையும் பிரஷரும் பார்ப்பார்கள் என்பதால் உறுப்பினர் அல்லாதவர்களும் வருவது உண்டு. ஆட்டோவை ஓரங்கட்ட இடம் கிடைக்காமல் கடைசியாக வந்தவன் மாரி.

"வாய்யா மாப்ள, உனக்காகத்தான் டின்னு காத்துகினு கீது" என்று யாரோ கத்த, எல்லோரும் சிரித்தார்கள். மாரி நொண்டிக்கொண்டே வந்து கையை விட்டான். முதல் சீட்டுக்கு ஆள் இல்லை. இரண்டாவதற்கும் இல்லை. மூன்றாவதைக் கோதண்டராமன் பிரித்தார்.

"செல்லம்மாள். ஹவுஸ்கீப்பிங்."

யாரும் எழவில்லை. பின் வரிசையில் ஒரு பெண் பக்கத்திலிருந்தவளைக் கேட்டாள், "என்னியா?" ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். நீல யூனிஃபார்ம் சேலை. பிரஷர் பார்க்க வந்தவள்.

"நீங்கதான் செல்லம்மாளா? வாங்கம்மா, கணக்கு படிக்கணும்."

"நான் எதுக்கு படிக்கணும்? என் பேரு எப்பிடி உங்க டின்னுல வந்துச்சி?"

"நீங்க உறுப்பினர்ம்மா. மாசம் இருவது ரூபா கட்டறீங்க."

"நான் எங்க கட்டனேன்? ஒத்த ரூபா நான் யாருக்கும் கட்டல. நான் ஓசியில பிரஷரு பாத்துக்கலாம்னு வந்தவ சார்."

சிரிப்பு வந்தது. கோதண்டராமன் சிரிக்கவில்லை. கணக்குத் தாளைக் கொண்டுபோய் அவள் கையில் கொடுத்தார். எட்டாவதுவரை படித்தவள். வரிக்கு வரி விரலை வைத்துப் படித்தாள். அட்டை வரவு, மருந்து, வாடகை, கரண்ட் என்று தட்டுத்தடுமாறிப் போய் ஒரு வரியில் விரல் நின்றது.

"மோகன் லேபர் கான்ட்ராக்ட் மூலம், அறுநூற்று நாற்பது பேர், மூன்று மாதம், முப்பத்தெட்டாயிரத்து நானூறு."

தாளை இறக்கினாள். "சம்பள சிலிப்புல நலநிதி இருவதுன்னு ஒண்ணு புடிக்கறான். பி.எப்.பு மாறி இதுவும் எதுவோன்னு நெனச்சிகினு இருந்தேன். அது இதுவா?"

"இதுதாம்மா" என்றார் கோதண்டராமன்.

"இருவது ரூபா பெருசில்ல சார். டீயும் பன்னும். நீங்க நல்லதுதான் பண்றீங்க, ஊரே சொல்லுது. ஆனா என்னிய ஒரு வார்த்த கேக்கணுமா இல்லியா? அவன் யூனிஃபார்முக்கு புடிக்கறான், வேனுக்கு புடிக்கறான். கேக்காம புடிக்கறதுல நீங்களும் ஒண்ணா?"

பூமாரி எழுந்தாள். எழுந்த பிறகுதான் எழுந்துவிட்டோம் என்பது தெரிந்தது.

"நான்தான்க்கா கொண்டாந்தேன். அவரு சொல்லிட்டேன்னாரு, நானும் சொல்லிட்டாராம்னு சொன்னேன். ஒருத்தரக்கூட நான் கேக்கல. கேட்டா நூறு பேரு வேணாம்னு சொல்லுவாங்கன்னு தெரியும். என் வூட்டுக்காரருக்கு கால்ல புண்ணு. சாயங்காலம் நின்னுட்டா கால் போயிடும். அதுக்குதான் கேக்கல. அப்பறம் அந்த ஆளு வந்து காயத்த மாத்தி எழுதச் சொன்னப்போ, அதயும் நான் சொல்லல."

"சொல்லிட்டாராம்னு வந்தத சம்மதம்னு எழுதினது என் பேனா" என்றார் கோதண்டராமன். "முப்பது வருஷத்துல அப்படி எழுதினதில்ல. எழுதிட்டேன்." பிறகு பலகையில் எண்களை எழுதினார். திருப்பிக் கொடுத்தால் கையிருப்பு மூன்று மாத அளவுக்குக் கீழே போகும். சாயங்காலம் குறையும். எத்தனை நாள் குறையும் என்று இப்போது சொல்ல முடியாது.

ஒரு வெல்டர் எழுந்தார். "கேக்கறவங்களுக்கு மட்டும் குடுத்துடலாம் சார். யாரு அறுவது ரூபாவுக்கு வந்து நிக்கப்போறான்?"

"அதுக்குப் பேரு திருப்பிக் குடுக்கறது இல்ல" என்றார் ஷெர்லின். "வர மாட்டாங்கன்னு தெரிஞ்சி கதவ தொறந்து வெக்கறது. பணத்துக்கு நான் ஒண்ணு சொல்றேன். ஆறு மாசம் சாயங்காலத்துக்கு எனக்குச் சம்பளம் வேணாம்."

"வேணாம் டாக்டரம்மா" என்றார் கோதண்டராமன். "நீங்க சும்மா பாத்தா, உங்களுக்கு அப்பறம் வர்ற டாக்டரும் சும்மா பாக்கணும்னு ஆயிடும். ஒருத்தரும் வர மாட்டாங்க. உங்க நல்ல மனச நம்பி ஆஸ்பத்திரி நடத்த முடியாது. உங்களுக்கு ஒரு ஜுரம் வந்தா அது மூடிக்கும்."

டாக்டர் சிரித்துவிட்டு உட்கார்ந்தார்.

ஓட்டுக்கு விட்டார்கள். காசைக் கொண்டுவந்தவர் அந்தக் காசுக்கான ஓட்டில் கை தூக்கக் கூடாது என்பது சட்டம். பூமாரி இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள். எந்தப் பக்கம் தூக்கியிருப்பாள் என்று பிற்பாடு நர்ஸ் கேட்டபோது, தெரியவில்லை என்றாள். அது உண்மைதான்.

திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பவர்கள் கை தூக்கச் சொன்னார்கள். முன் வரிசையில் முதல் கை மாரியுடையது. கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு, ஆட்டோவை நிறுத்தச் சொல்கிறவன் போலத் தூக்கியிருந்தான்.

"யோவ், உன் காலுய்யா" என்றார் வெல்டர்.

"என் காலுதான். அதான் சொல்றேன். அவன் துட்டுல கட்டு போட்டா, நாளிக்கு எனுக்கு எங்க புண்ணுன்னு அவன் சொல்லுவான்."

தொண்ணூற்றாறு கைகள். எதிர்த்து முப்பத்தெட்டு. எதிர்த்தவர்களும் கெட்டவர்கள் அல்ல. சாயங்காலம் மருந்து வாங்குகிறவர்கள்.

மறுநாளிலிருந்து அட்டைக்காரர்கள் காசு வாங்குகிற இடத்தில் நின்று காசு கொடுக்க ஆரம்பித்தார்கள். வாங்குவதைவிட அது கஷ்டமாக இருந்தது. மோகனின் வேன் நிற்கிற இடத்தில் பூமாரி பட்டியலோடு நின்றாள். முகம் தெரிந்தவள் என்று செல்லம்மாளும் கூட வந்தாள். அவள் தன் அறுபதை வாங்கி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டுவிட்டாள். அட்டை போடுகிறாயா என்றதற்கு, "யோசிச்சி சொல்றேன்" என்றாள். இன்றுவரை யோசித்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

"இன்னாமே, எலெக்ஷன் வந்துடுச்சா?" என்றான் ஒரு லோடிங் ஆள். "அறுவது ரூபாதானா ஒரு ஓட்டு?"

"உன் காசுதான். உன்ன கேக்காம வாங்கிட்டோம். தப்பு எங்களுது. கையெழுத்து போட்டுட்டு வாங்கிக்கோ."

ஒடிசாக்காரன் ஒருவன் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். லைனில் கற்ற தமிழில் சொன்னான், "காசு புடிச்சா புரியுது அக்கா. காசு குடுத்தா புரியல."

சிலர் வாங்கிய கையோடு நீட்டினார்கள். "ஆஸ்பத்திரிக்கே வெச்சிக்கோ." பூமாரி வாங்கவில்லை. "மொதல்ல பையில போடு. அப்பால நீயா எடுத்துக் குடு, அட்ட போட்டுத் தரேன்." ஒருவன் இடது பையில் போட்டு வலது பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். "ஐயே, இது இன்னா கூத்து" என்று சிரித்தாலும், தன் பெயர் எழுதிய அட்டையைப் பர்ஸுக்குள் மடங்காமல் வைத்தான்.

மூன்றாம் நாள் மோகன் வந்து பைக்கை நிறுத்தினான். "என் ஆளுங்களுக்கு நீ பிச்ச போட்டுகினு கீறியா?"

"அவங்க துட்டு, மோகண்ணா. உன் கையில இருந்துச்சி, அப்பால எங்க கையில இருந்துச்சி. இப்ப அவங்க கைக்கு போவுது."

அன்றிலிருந்து வேன்கள் வேறு இடத்தில் ஆட்களை இறக்கின. அட்டைக்காரர்கள் ரூம் ரூமாக நடந்தார்கள். பத்துக்குப் பத்து அறையில் எட்டுப் பேர் தங்குகிற லைன் வீடுகள். பாதிப் பேர் தூக்கத்தில் இருப்பார்கள். எழுப்பி அறுபது ரூபாய் கொடுத்தால் திட்டுவார்கள். திட்டை வாங்கிக்கொண்டு கையெழுத்தும் வாங்கினார்கள். ஷெர்லின் டாக்டரும் இரண்டு ஞாயிறு பட்டியலோடு போனார். மோகன், தன் ஆட்கள் யாரும் அந்த ஷெட் பக்கம் போகக் கூடாது என்று சொல்லி வைத்தான். கண்ணப்பன் கட்டு மாற்ற வந்துகொண்டுதான் இருந்தான்.

மாசி மாதம், புது அட்டைகள் கொஞ்சம் தாங்கியதால் முழுக்க நிற்காமல், சாயங்கால வைத்தியம் வாரத்துக்கு ஆறு நாளிலிருந்து மூன்று நாளாகச் சுருங்கியது. ஞாயிறு காலைக் கட்டு மட்டும் குறையவில்லை. மற்ற மூன்று நாள் புண்ணுக்கு யார் கட்டுவது என்று நர்ஸ் கேட்டபோது, பூமாரி கையை நீட்டி, "கத்துக் குடு" என்றாள். கொதித்த தண்ணீர், உப்புத் திரவம், கையுறை, பழைய பஞ்சை எந்தப் பக்கமிருந்து உரிப்பது என்று நான்கு தடவை செய்ய வைத்தார்கள். முதல் நாள் வீட்டில் அவள் துணியை இறுக்கி இறுக்கிச் சுற்றினாள்.

"டேப்பு சுத்தற மாறி சுத்தாத. இது கால், ஒயர் இல்ல" என்றான் மாரி.

"ஒயரு வாய் பேசாது."

பங்குனியில் கணக்குப் பார்த்தபோது, காசு திரும்ப வாங்கியவர்களில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் தாங்களே கேட்டு அட்டை போட்டிருந்தார்கள். மாதம் நாலாயிரத்து இருநூற்று நாற்பது. மோகன் ஒரே வீச்சில் அனுப்பியதில் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் இதை எவனும் ஐந்தாம் தேதி நிறுத்த முடியாது. விரலில் அடிபட்டால் எந்தக் கதவு என்று சொல்லவும் முடியாது. சாயங்காலம் நான்கு நாளாயிற்று. ஆறு நாள் ஆகவில்லை. எப்போது ஆகும் என்று கோதண்டராமன் சொல்லவில்லை, யாரும் கேட்டு அவரைச் சங்கடப்படுத்தவும் இல்லை. மாரியின் புண் மிளகளவுக்கு வந்து அங்கேயே நின்றது. ஆறுமா ஆறாதா என்று டாக்டரும் வாக்குக் கொடுக்கவில்லை. விரல் இருந்தது. அதை வைத்துப் பிரேக்கை மிதித்தான்.

பட்டியலில் ஐந்நூற்று எண்பத்து மூன்று பேருக்கு எதிரே கையெழுத்து விழுந்துவிட்டது. மீதி ஐம்பத்தேழு பேர். சிலர் ஓசூருக்குப் போய்விட்டார்கள், சிலர் ஊருக்கு. சிலருடைய போன் நம்பரில் இப்போது வேறு யாரோ பேசுகிறார்கள். ஒரு வருடம் தேடலாம், அதன் பிறகு பொது வரவில் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒரு யோசனை வந்தது. கோதண்டராமன் அதை எழுதிக்கொள்ளவே இல்லை. செலவுப் பக்கத்துக்கு எதிர்ப் பக்கத்தில், 'தர வேண்டியது, ரூபாய் மூவாயிரத்து நானூற்று இருபது' என்று எழுதி, ஐம்பத்தேழு பெயரையும் கீழே வரிசையாக வைத்தார். ஒவ்வொரு கணக்குக் கூட்டத்திலும் அத்தனை பெயரையும் படிக்க வேண்டும், ஒன்றையும் விடக் கூடாது என்றார்.

சித்திரையில் ஒரு ஞாயிறு. மாரியின் ஆட்டோவில் பூமாரி தண்டலம் வரைக்கும் போனாள். அங்கே ஒரு லைன் வீட்டில், அந்த ஐம்பத்தேழு பேரில் ஒருவனான ஒடிசாக்காரன் இருப்பதாகச் செல்லம்மாள் துப்புக் கொடுத்திருந்தாள். அறை பூட்டியிருந்தது. வீட்டுக்காரம்மா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"அவனா? போன மாசமே கெளம்பிட்டான்மா. பெட்டி படுக்கையோட. எதுக்கு தேடற, உனுக்கு துட்டு எதுனா தரணுமா?"

"இல்லக்கா. நாங்க அவருக்குத் தரணும்."

வீட்டுக்காரம்மா அவளை மேலும் கீழுமாகப் பார்த்தாள். ஊரில் எங்கே என்று பூமாரி கேட்டாள். கந்தமால் என்றுதான் சொல்லிக்கொள்வான், அதற்கு மேல் தெரியாது என்றாள். பூமாரி பட்டியலை ஆட்டோ சீட்டின் மேல் வைத்து, அந்தப் பெயருக்கு எதிரே எழுதினாள்.

பிபின் திகல், கந்தமால். மூன்று மாதம், அறுபது ரூபாய். இன்னும் கொடுக்கவில்லை.